முதல் இருங்கோ, பிள்ளை

2017 இல் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராக எனக்கு வேலை கிடைத்தது. என் ஊர் பருத்தித்துறைப் பக்கம். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு என்று செம்மண் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் போய்ப் பாடம் சொல்லவேண்டும். அப்போது வயது இருபத்தாறு.

முதல் கூட்டம் ஒரு சனசமூக நிலையத்தில் நடந்தது. பதினொரு பேர் வந்திருந்தார்கள். சின்ன வெங்காயத்தின் தாள் முறுகிச் சுருண்டுபோகும் நோயைப் பற்றி நாற்பது நிமிடம் கதைத்தேன். அது பங்கசால் வருவது, மழைத்துளி தெறித்துப் பரவுவது, நோய் கண்ட தோட்டத்து வெங்காயத்தை விதைக்கு எடுத்தால் அடுத்த போகத்துக்கும் கூடவே வருவது, எல்லாம் படம் காட்டிச் சொன்னேன். சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. "கேள்வி இருக்கோ?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிளேன்ரீ குடித்து முடித்ததும் கலைந்துவிட்டார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வந்தது மூன்று பேர்.

அன்று நான் சுருட்டிய படங்களோடு வெளியே வந்தபோது வாசலில் ஓர் ஆச்சி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முதல் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தவர். "ஏன் ஆச்சி ஒருத்தரும் வரேல்லை?" என்று கேட்டேன். உரலைக் கீழே வைத்தார். "பிள்ளை நல்லாத்தான் கதைச்சது. எங்களுக்குத்தான் கதைக்க இடம் கிடைக்கேல்லை" என்றார். பிறகு மறுபடி இடிக்கத் தொடங்கினார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

கேட்கத் தெரிந்தவள் என்று அதுவரை என்னை நினைத்திருந்தேன். வீட்டில் அம்மா கதைத்தால் கேட்பேன், சிநேகிதிகள் அழுதால் கேட்பேன். ஆனால் வேலை என்று வந்ததும், அறிவு என் பையில் இருக்கிறது, கொடுத்துவிட்டு வரவேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. படித்து உத்தியோகத்துக்கு வருகிற எங்களில் பலருக்கு இந்தக் குறை இருக்கிறது.

அப்புறம் ஒரு நாள் விடியப்புறம் ஐந்தரைக்கு, நோய் அதிகமாக இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனேன். எழுபதை நெருங்கிய ஐயா ஒருவருடையது. பங்குக் கிணறு. ஐந்து குடும்பத்துக்குச் சொந்தம். காணி உறுதியிலேயே கிணற்றுப் பங்கும் எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதும் பாட்டன் காலத்து ஏற்பாடு. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறென்று ஒன்றில்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைத்தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். அதனால் ஒருவருடைய முறைநாளில் அவரை மறிப்பது பெரிய பிழை. அதுகூடத் தெரியாமல் கோவையைத் திறந்துகொண்டு வரம்பில் நின்று, "ஐயா, இந்த விதையை மாத்தவேணும்" என்று ஆரம்பித்தேன்.

அவர் நிமிரவில்லை. மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து மற்றப் பாத்தியைத் திறந்தார். "முதல் இருங்கோ, பிள்ளை" என்றார்.

பழைய துலாக்கல் ஒன்று கிணற்றடியில் கிடந்தது. அதில் இருந்தேன். முக்கால் மணி நேரம் இருந்தேன். தண்ணீர் இறைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கதைக்கவும் வழியில்லை. வேறு வேலை இல்லாததால் பார்க்கத் தொடங்கினேன். தண்ணீர் பாத்தியின் கடைசி மூலைக்குப் போய்ச் சேருவதற்கு முன்னமே அவர் வாயை அடைத்துவிடுவார். மிச்சத் தூரத்தை அந்தத் தண்ணீர் தானாக ஓடிப்போய் நிறைத்துவிடும். ஒரு சொட்டு வழியாது. எத்தனை வருடப் பழக்கம் அந்தக் கையில் இருந்திருக்கும்! மெஷினைப் பார்த்தேன். பெயின்ற் போய், ஒட்டுப்போட்டு, கம்பியால் கட்டிய பழைய மெஷின்.

இறைப்பு முடிந்து அவர் கை கழுவ வந்தபோது நோயைப் பற்றிக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு மறந்தே போய்விட்டது. "இந்த மெஷின் எத்தனை வருசம் ஐயா?" என்று கேட்டேன். தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டேன். அதை அவர் கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் அந்த மெஷினை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைச் சொன்னார். சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்தச் சில துளி பெற்றோலை ஊசிமருந்துப் போத்தலில் வைத்து, பிள்ளைகளுக்குக்கூட எட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருந்தாராம். எந்தச் சத்தம் வரும்போது மாற்றவேண்டும் என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டினார். நான் இன்னொரு கேள்வி கேட்டேன். அப்புறம் பேசாமல் இருந்தேன்.

அந்தப் பேசாமல் இருந்த நேரத்தில்தான் மற்றக் கதை வந்தது. 1995 ஒக்ரோபர் 30, யுத்தத்தால் வலிகாமமே ஊரை விட்டு எழும்பி நடந்த இரவு. கொட்டிலில் விதை வெங்காயம் கட்டுக் கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்ததாம். மழை விட்டதும் நடுவதற்கு எடுத்து வைத்தது. இரண்டு பிடியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, மாமியாரைச் சைக்கிளில் இருத்தி, மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு வைகாசியில் திரும்பி வந்தபோது கொட்டிலும் இல்லை, வெங்காயமும் இல்லை. கொண்டுபோன இரண்டு பிடியும் பசிக்குக் கறியாகிவிட்டது. மச்சாள் வீட்டில் எப்படியோ தப்பியிருந்த ஒரு கட்டைப் பங்கு கேட்டு வாங்கி, அதைப் பெருக்கி, அதிலிருந்து எடுத்த விதைதான் இன்றுவரை அந்தத் தோட்டத்தில் நிற்கிறது.

அந்த விதையைத்தான் நான் போன உடனே "மாத்தவேணும்" என்று சொன்னேன்.

அன்று நோயைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. எழும்பும்போது அவர்தான் கேட்டார்: "சரி, விதையை மருந்திலை நனைக்கிற கதை என்ன?" விதையை எறியத் தேவையில்லை, தாள் சுருண்ட பாத்திகளில் விதைக்கு எடுக்காமல் விட்டு, நல்லதைத் தெரிந்து, நடுவதற்கு முன் பங்கசு மருந்தில் நனைத்துப் பார்க்கலாம் என்றேன். "அப்ப ரெண்டு பாத்திக்குச் செய்து பாப்பம்" என்றார். அந்தக் காலபோகத்தில் இரண்டு பாத்திதான் செய்தார். நோய் முற்றாக நிற்கவில்லை, ஆனால் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைவு. அதை மற்றப் பங்காளிகளுக்கு அவரே கூட்டிப்போய்க் காட்டினார். என் படங்களைக் காட்டத் தேவை வரவில்லை.

இதிலிருந்து நான் பழக்கமாக்கிக்கொண்டவை சில உண்டு. கோவையைப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் படலையைத் திறப்பேன். கேட்டதை அங்கே வைத்து எழுதமாட்டேன். ஸ்கூட்டியை அடுத்த சந்தியில் நிறுத்தி எழுதுவேன். பசு கன்று போட்ட நாள், முழங்கால் வலி, மகன் கனடாவிலிருந்து கோல் எடுக்கிற கிழமை, இவையெல்லாம் என் கொப்பியில் பசளை அளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அடுத்த தடவை போகும்போது விட்ட இடத்திலிருந்து கேட்கவேண்டும் என்பதற்காகத்தான். "கன்று எப்பிடி, பால் குடிக்குதோ?" என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டுப் பாருங்கள். போன தடவை அவர் சொன்னது காற்றோடு போகவில்லை என்று அவருக்கு விளங்கும். அதைவிட வேறு மரியாதை தேவையில்லை.

'ஏன்' என்ற சொல்லை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். "ஏன் நனைக்கேல்லை?" என்றால் விசாரணை மாதிரி இருக்கும், உடனே காரணம் சொல்லத் தொடங்குவார்கள், அல்லது வாயை மூடிவிடுவார்கள். "எப்பிடி விதை எடுக்கிறனீங்கள்?" என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொட்டிலுக்கே கூட்டிப் போவார்கள்.

இன்னொன்று, இங்கே கட்டாயம் சொல்லவேண்டியது. ஆட்களோடு பழக வேண்டுமென்றால் குடும்பத்தைப் பற்றிக் கேள், பிள்ளைகளைப் பற்றிக் கேள் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். யாழ்ப்பாணத்தில் அப்படித் தொடங்காதீர்கள். முதல் வருடம் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, ஓர் அம்மாவிடம் சாதாரணமாக, "எத்தினை பிள்ளைகள் அம்மா?" என்று கேட்டேன். "மூண்டு" என்றார். நான் தலையாட்டி அடுத்ததைக் கேட்க வாய் திறந்தேன். அவர் கையிலிருந்த முருங்கைக்கீரையை உருவுவதை நிறுத்தினார். காம்பைப் பிடித்தபடியே இருந்தார். கனநேரம் கழித்து, "நாலு" என்றார்.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. சுளகில் இருந்த கீரையை எடுத்து நானும் உருவத் தொடங்கினேன். முடியும்வரை இருவரும் அதையே செய்தோம். பாதி உருவிய முருங்கைக்கீரையைக் கண்டால் இப்போதும் எனக்கு அந்த விறாந்தை ஞாபகம் வரும்.

அதன் பிறகு கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளிலிருந்துதான் தொடங்குவேன். கிணறு, பலாமரம், மாடு, வேலியில் புதிதாக நட்ட பூவரசங்கதியால். அதிலிருந்து அவர்கள் எவ்வளவு தூரம் வர விரும்புகிறார்களோ அவ்வளவு தூரம் வருவார்கள். கோப்பாய்ப் பக்கத்தில் ஓர் அண்ணை இருக்கிறார், உத்தியோகத்தர் என்றால் முகம் கொடுக்கமாட்டார். அவருடைய மாட்டுக்கொட்டிலில் சவாரி மாடு ஒன்று நின்றது. கொம்பு சீவி, எண்ணெய் பூசி, தோட்டத்து மாட்டை விட வேறு மாதிரி. எனக்கு மாட்டுவண்டிச் சவாரி பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன், சொல்லித்தரச் சொன்னேன். சோடி சேர்ப்பது எப்படி, இடதுபக்க மாடு ஏன் வேறு, வலதுபக்க மாடு ஏன் வேறு என்று ஒரு மணி நேரம் சொன்னார். தெரிந்த மாதிரிக் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் கேட்பது என்பதில் ஆபத்தும் இருக்கிறது. எங்கள் ஊரில் 'விடுப்பு' என்று ஒரு சொல் உண்டு. அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அறிகிற ஆவல். "விடுப்புப் பாக்க வந்தவ" என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் அவளுக்கு அந்த ஒழுங்கையில் இனி மரியாதை இல்லை. அக்கறைக்கும் விடுப்புக்கும் கேள்வியில் வித்தியாசம் இருக்காது, ஒரே கேள்விதான். கேட்டது எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதை நான் ஒருவரை நோகடித்துத்தான் படித்தேன். ஓர் அக்கா, என்னிலும் பத்து வயது மூத்தவர், விதை உருளைக்கிழங்கு வாங்குவதற்காக நகையை அடகு வைத்ததை என்னிடம் சொன்னார். அழுதபடி சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைய இரக்கம். அன்று பின்னேரமே, இரண்டு வீடு தள்ளி இருந்த ஒருவரிடம், மகளிர் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்துத் தரலாமா என்று கேட்டேன். கேட்கும்போது காரணத்தையும் சொல்லிவிட்டேன். உதவி செய்கிறேன் என்ற எண்ணத்தில்தான் சொன்னேன். இருட்டுவதற்குள் அது ஒழுங்கை முழுக்கப் போய்விட்டது. வெளிநாட்டில் இருந்த அவர் புருசனின் காதுக்கும் போனது.

அடுத்த கிழமை நான் போனபோது படலை உள்ளே கொண்டி போட்டிருந்தது. கூப்பிட்டேன். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் போனேன். மூன்றாம் தடவை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன?" என்றார். "நான் உங்கட கதையை மற்ற வீட்டிலை சொன்னனான். பிழை என்ர. மன்னியுங்கோ" என்றேன். நல்லெண்ணத்தில் செய்தேன் என்ற விளக்கத்தை வாய்வரை வந்தும் விழுங்கினேன். அதைச் சொல்லியிருந்தால் அவர் என்னை ஆறுதல்படுத்த வேண்டி வந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் நல்லதாகக்கூடச் சொல்வதில்லை. உதவி செய்ய வழி தெரிந்தால், "இப்படி ஒரு வழி இருக்கு, நான் அவையோட கதைக்கட்டோ?" என்று சொன்னவரிடமே கேட்பேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

2021 வந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. சேதனப் பசளைக்கு மாறச் சொல்லி விளக்கக் கூட்டம் வைக்கவேண்டிய பொறுப்பு எங்களைப் போன்றவர்கள் தலையில் விழுந்தது. இந்தத் தடவை சனசமூக நிலையம் நிரம்பி வெளியே மரத்தடியிலும் ஆட்கள் நின்றார்கள். கேட்க வந்தவர்கள் இல்லை, திட்ட வந்தவர்கள். அரசாங்கம் என்று அவர்களுக்கு முன்னால் நின்றது நான் ஒருத்திதான்.

தயாரித்துக் கொண்டுபோன தாளை மடித்து வைத்தேன். "நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்" என்றேன். இரண்டு மணித்தியாலம் சொன்னார்கள். சத்தம் போட்டுத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவரும் முடித்ததும், எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினேன். "இப்பிடியோ சொன்னனீங்கள்?" சிலர் திருத்தினார்கள். ஒருவர், "அரசாங்கத்துக்கு அறிவில்லை எண்டதையும் எழுதும்" என்றார். எழுதி, வாசித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை வெட்டிப்போட்டு, கிழங்குக்கு என்ன வழி எண்டு கேட்டு எழுதும்" என்றார். தன் வார்த்தை இன்னொருவர் வாயால் திரும்பி வரும்போது ஆட்கள் அதை வேறு மாதிரிக் கேட்கிறார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது ஓர் அம்மா எழும்பி, "ஒரு பை யூரியாவிலை இருக்கிறது எங்களுக்கு எவ்வளவு எருவிலை கிடைக்கும், மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார். கரும்பலகையில் கணக்குப் போட்டேன். ஐம்பது கிலோ யூரியாவில் 46 வீதம் நைதரசன், அதாவது 23 கிலோ. கூட்டெருவில் ஒரு வீதம் என்று வைத்தால் அதே அளவுக்கு 2,300 கிலோ வேண்டும். இரண்டு வீதம் உள்ள நல்ல எரு என்றாலும் 1,150 கிலோ. அதுவும் யூரியா மாதிரி உடனே கிடைக்காது, மெல்ல மெல்லத்தான் மண்ணில் விடும். எண்ணை எழுதிவிட்டுத் திரும்பினேன். ஒரு நிமிடம் சத்தமே இல்லை. நான் அவர்களை ஏமாற்ற வரவில்லை என்பது அந்தக் கணக்கில்தான் அவர்களுக்குப் பட்டது என்று நம்புகிறேன். இரண்டு மணித்தியாலம் கேட்டுவிட்டு அந்த இடத்தில் பூசி மெழுகியிருந்தால் கேட்டதெல்லாம் நடிப்பாகியிருக்கும்.

அதற்குப் பிறகு பேச்சின் தொனி மாறியது. பெரியவர்கள் குழை தாட்ட காலத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். பூவரசங்குழை, காவிளாய், பனையோலையை வெட்டி மண்ணுக்குள் தாட்டது, இரவில் தோட்டத்தில் ஆட்டுப்பட்டி அடைத்தது. எந்தக் குழை எந்தப் பயிருக்கு என்று அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. இளம் பெடியள் கைபேசியில் குறித்துக்கொண்டார்கள். இதனால் பசளை இல்லாத குறை தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். தீரவில்லை. விளைச்சல் விழுந்தது, கடன் ஏறியது. தடை அந்த நவம்பரில் நீங்கினாலும் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் பழைய மெஷின்கார ஐயாவையும் கண்டேன். கானைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெடியனுக்கு ஊசிமருந்துப் போத்தல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று எழுதிய பதினேழு பக்கத்தையும் மேலே அனுப்பினேன். பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பதையும் அடுத்த கூட்டத்தில் சொன்னேன். கூட்டத்துக்கு ஆட்கள் குறையவில்லை.

அடகு வைத்த அக்காவின் படலை எட்டு மாதம் கழித்துத் திறந்தது. நான் செய்த எதனாலும் இல்லை. கிழங்கில் நோய் வந்ததால்தான். இப்போது பயிர் பற்றிக் கதைப்பார், மருந்து பற்றிக் கேட்பார். தன்னைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மாதம், மழைக்குள்ளே, சொப்பிங் பைக்குள் இரண்டு இலையைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு அவரே வந்தார். மேசையில் விரித்தார். ஓரம் கறுத்து, பின்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எந்தப் பக்கத்துப் பாத்தி, எப்போது கண்டது, பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தேன். மழை விடவில்லை. "இருங்கோவன் அக்கா, விட்டாப் போல போகலாம்" என்று கதிரையை இழுத்துப் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இருந்தார். யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.